அயல்நாட்டில் இறந்தவரின் உடலை ஊருக்குக் கொணர்தல்

நம் முன்னோர் பிழைப்பு நாடி இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கப்பலேறிய காலத்தில், அங்கே ஒருவர் மாண்டால் பல வாரங்கள் கழித்து ஒரு கடிதம் வரும். உடல் வருவதில்லை. கடிதம் கிடைத்த நாளையே இறந்த நாளாகக் கொண்டு கருமாதி செய்த குடும்பங்களும் உண்டு.

இன்று நிலைமை வேறு. நெசவு ஊர்களிலிருந்தும் வேளாண் ஊர்களிலிருந்தும் இளைஞர்கள் வளைகுடா நாடுகளுக்கு விமானத்தில் செல்லுகிறார்கள். அங்கே ஒரு துயரம் நேர்ந்தால் செய்தி ஒரு நாழிகைக்குள் கைப்பேசியில் வந்துவிடுகிறது. ஆனால் உடல் என்று வரும் என்பதை மட்டும் எவராலும் சொல்ல இயலுவதில்லை. சில வேளைகளில் ஒரு வாரம். சில வேளைகளில் மாதங்கள். அதுவரை வீட்டில் அடுப்பு எரிவதில்லை, தறி ஓடுவதில்லை. யாரைக் கேட்பது, எதில் கையொப்பமிடுவது என்பது தெரியாமல் குடும்பத்தார் படும் அவதி சொல்லுந்தரமன்று.

சங்க அலுவல் நிமித்தம் ஊர்கள்தோறும் செல்லும் நம்மிடம் இது குறித்து உறுப்பினர்கள் வினவுவது உண்டு. எனவே, உடலைக் கொணரும் முறையைச் சவூதி அரேபியாவை எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கே விளக்க முற்படுகிறோம். ஏனைய வளைகுடா நாடுகளிலும் முறை பெரும்பாலும் இதனை ஒத்ததே. அலுவலகங்களின் பெயர் மாறுமேயன்றி, வேண்டிய பத்திரங்கள் அதிகம் மாறுவதில்லை.

தாமதம் எங்கே நேர்கிறது?

ஊருக்கு உடல் வந்து சேர விமானப் பயணத்திற்கு ஆகும் நேரம் சில மணிகளே. எஞ்சிய நாட்கள் அனைத்தும் காகிதங்களுக்காகவே கழிகின்றன. அக்காகிதங்களின் வரிசையை அறிந்துகொண்டால் கலக்கத்தில் பாதி தீர்ந்துவிடும்.

இறப்பு நேர்ந்தவுடன் உடல் மருத்துவமனையின் பிணவறைக்குக் கொண்டுசெல்லப்படுகிறது. இறப்பின் காரணத்தைக் குறித்து மருத்துவர் அறிக்கை தருகிறார். சாலை விபத்து, வேலையிடத்து விபத்து, தற்கொலை, ஐயத்திற்குரிய மரணம் ஆகியவற்றில் போலீசு விசாரணையும் சேர்ந்துகொள்ளும். விசாரணை முடியாமல் உடலை எடுக்க அனுமதி கிடைக்காது. நோயால் இறந்தவரின் உடல் விரைவிலும், விபத்தில் இறந்தவரின் உடல் தாமதமாகவும் வருவதற்கு இதுவே முதற்காரணம்.

அடுத்து, வேலை கொடுத்தவர், அதாவது அங்குள்ளோர் கபீல் என்று அழைக்கும் பொறுப்பாளர், இந்தியத் தூதரகத்திற்குச் செய்தி தெரிவிக்க வேண்டும். ரியாத்தில் தூதரகமும், ஜித்தாவில் துணைத் தூதரகமும் உள்ளன. ஜித்தாவிலுள்ளது நாட்டின் மேற்குப் பகுதியைக் கவனித்துக்கொள்ளுகிறது. தூதரகம் இறப்பைப் பதிவு செய்து, இறந்தவரின் பாஸ்போர்ட்டை ரத்து செய்து, உடலை அனுப்பத் தடையில்லை என்னும் சான்றினை வழங்குகிறது. இச்சான்றினைக் கொண்டு அந்நாட்டு அலுவலகங்களில் இறப்புச் சான்றிதழும், நாட்டைவிட்டு இறுதியாக வெளியேறுவதற்கான முத்திரையும் பெற வேண்டும். உயிரோடு திரும்புபவருக்குப் போலவே உயிர் நீத்தவருக்கும் வெளியேறும் அனுமதி வேண்டும் என்பது பலரும் அறியாத செய்தி.

அதன்பின் உடலை மருந்திட்டுப் பதப்படுத்துகிறார்கள். இதனை எம்பாமிங் என்பர். அதற்கொரு சான்றிதழ் உண்டு. பெட்டியில் வைத்து மூடியபின் விமானத்தின் சரக்குப் பிரிவில் இடம் பதிவு செய்யப்படுகிறது.

இத்தனை படிகளுள் எந்த ஒன்றும் குடும்பத்தின் விருப்பம் எழுத்தில் வந்து சேராமல் நகருவதில்லை. ஆகவே குடும்பத்தின் கையில் உள்ள வேலை ஒன்றே ஒன்று. அதனைக் காலந்தாழ்த்தாது செய்ய வேண்டும்.

குடும்பம் அனுப்ப வேண்டிய பத்திரம்

அந்த வேலை, சம்மதக் கடிதம் எழுதி அனுப்புவதாகும். இறந்தவர் மணமானவராயின் மனைவியும், மணமாகாதவராயின் தாய் தந்தையரும் கையொப்பமிடுவது முறை. கடிதத்தை நோட்டரி வழக்கறிஞர் சான்றொப்பமிட வேண்டும். கடிதத்தில் அடங்க வேண்டியவை வருமாறு:

இறந்தவரின் பெயர், பாஸ்போர்ட்டில் உள்ளபடியே. பாஸ்போர்ட் எண்ணும், அந்நாட்டுக் குடியிருப்பு அட்டையாகிய இக்காமாவின் எண்ணும். வேலை கொடுத்தவரின் பெயர், தொலைபேசி எண். கையொப்பமிடுபவர் இறந்தவருக்கு என்ன உறவு என்பது. உடலை ஊருக்கு அனுப்ப வேண்டுமா, அங்கேயே அடக்கம் செய்யலாமா என்னும் முடிவு. ஊருக்கு எனில் சென்னை, திருச்சி, மதுரை, கோவை ஆகியவற்றுள் எந்த விமான நிலையம், அங்கே உடலைப் பெற்றுக்கொள்பவர் யார் என்பன. அங்குள்ள அலுவலகங்களில் குடும்பத்தின் சார்பாக நடமாடுவதற்கு நம்பிக்கையான ஒருவரின் பெயர்.

கடைசியாகக் கூறியது மிக முக்கியம். உடன் வேலை செய்பவரோ, ஊர்க்காரரோ ஒருவர் அங்கே முன்னின்று அலையாவிட்டால் கோப்பு ஒரு மேசையிலேயே உறங்கிவிடும். ஒருவரை மட்டும் நியமித்தல் நலம். மூவர் மூன்று விதமாகப் பேசினால் தூதரகத்தார் யார் சொல்லைக் கொள்ளுவர்?

இவ்விடத்தில் அங்கேயே அடக்கம் செய்வது பற்றியும் ஒரு சொல். அம்முடிவு முற்றிலும் குடும்பத்தைச் சார்ந்தது. முஸ்லிம் குடும்பங்கள் பல அவ்வாறே முடிவு செய்கின்றன. சவூதி அரேபியாவில் உடலைத் தகனம் செய்ய வழியில்லை. ஐக்கிய அரபு அமீரகத்தில் அதற்கு வசதி உண்டு. அஸ்தியைக் கொணர்வது உடலைக் கொணர்வதைவிட எளிது. எம்முடிவாயினும் அதனைக் குடும்பத்தார் தாமே கூடிப் பேசி எடுக்க வேண்டும். செலவு மிகும் என்று எவரோ அச்சுறுத்தியதால் எடுத்த முடிவு பின்னாளில் ஆறாப் புண்ணாகிவிடும்.

இறப்பில் ஐயம் உண்டெனில், அதனையும் இக்கட்டத்திலேயே தூதரகத்திற்கு எழுத்தில் தெரிவித்தல் வேண்டும். பதப்படுத்தும் மருந்து உடலில் ஏறியபின், ஊரில் செய்யும் இரண்டாவது பரிசோதனையில் சில தடயங்கள் தெளிவாகப் புலப்படா.

உடல் வேறு, கணக்கு வேறு

இக்கட்டுரையில் யாம் கூற வந்தவற்றுள் தலையாயது இதுதான். உடலை அனுப்புவது ஒரு காரியம். இறந்தவருக்குச் சேர வேண்டிய பணத்தைத் தீர்ப்பது மற்றொரு காரியம். இவ்விரண்டையும் ஒரே தாளில் எழுதக் கூடாது.

நாம் தணிக்கைக்குச் சென்ற ஓர் ஊரில் இத்தகைய கடிதம் ஒன்றைக் காண நேர்ந்தது. ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த தாள் அது. ஏசெண்டு ஒருவர் அனுப்பியது. முதற்பகுதி, உடலை அனுப்பச் சம்மதம் என்று கூறியது. இரண்டாம் பகுதி, சம்பளப் பாக்கியோ வேறெந்தப் பாக்கியோ இல்லை என்றும், இனி எந்தக் கோரிக்கையும் எழுப்புவதில்லை என்றும் கூறியது. கையொப்பமிடவேண்டிய பெண்மணிக்கு ஆங்கிலம் தெரியாது. "இதில் கையெழுத்துப் போட்டால்தான் அவர் வருவாராம்" என்று மட்டுமே அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. சங்கத்துக் காரியதரிசி அதனை வாசித்துப் பொருள் கூறிய பின்னர், முதற்பகுதியை மட்டும் தனித்தாளில் எழுதி, நோட்டரியிடம் சான்று பெற்று அனுப்பினார்கள். உடலும் வந்தது, கோரிக்கையும் நிலைத்தது.

அப்பாக்கி எவ்வளவு இருக்கக்கூடும் என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால் இதன் முக்கியத்துவம் விளங்கும். சவூதி தொழிலாளர் சட்டப்படி, பணி முடிவில் முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு அரை மாதச் சம்பளமும், அதன் மேற்பட்ட ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு ஒரு மாதச் சம்பளமும் பணிக்கொடையாகத் தர வேண்டும். மாதம் 1,500 ரியால் வாங்கிய ஒருவர் 8 ஆண்டுகள் பணிபுரிந்து இறந்தார் என்று கொள்வோம். முதல் ஐந்தாண்டுகளுக்கு இரண்டரை மாதம். மீதி மூன்றாண்டுகளுக்கு மூன்று மாதம். ஆக ஐந்தரை மாதச் சம்பளம், அதாவது 8,250 ரியால். இதனோடு நிலுவைச் சம்பளமும், எடுக்காத விடுமுறைக்கான சம்பளமும் சேரும். வேலையின்போது விபத்தில் இறந்தவராயின் இழப்பீடு தனி. வீட்டு வேலைக்கும் வீட்டு வாகனம் ஓட்டுவதற்கும் சென்றவர்களுக்குத் தனி விதிகள் உண்டு. அவர்கள் விஷயத்தில் தூதரகத்தையே கேட்டறிதல் நன்று.

இத்தொகையைப் பெறுவதற்குத் தாசில்தார் வழங்கும் வாரிசுச் சான்றிதழும், தூதரகத்தின் பெயருக்கு அதிகாரப் பத்திரமும் வேண்டும். தூதரகத்தின் வழியாக வரும் தொகை மாவட்ட ஆட்சியர் மூலம் வாரிசுகளுக்கு வழங்கப்படுவதும் வழக்கம். இறப்பு நம் நாட்டில் நேராமையால் ஊரிலுள்ள பதிவாளரிடம் இறப்புச் சான்றிதழ் கிடைக்காது. தூதரகத்தில் செய்யப்பட்ட பதிவு, 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி இந்நாட்டுப் பதிவாகவே கொள்ளப்படும். அச்சான்றிதழின் மூலப் பிரதியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுதல் வேண்டும். பாங்கியிலும், காப்பீட்டு நிறுவனத்திலும், நம் சங்கத்திலும் அதையே கேட்பார்கள்.

செலவு யாருடையது?

பெட்டி, மருந்து, விமானக் கட்டணம் ஆகிய அனைத்தும் குடும்பத்தின் தலையில் விழும் என்று எண்ணி, நகையை அடகு வைப்போரும் வட்டிக்கு வாங்குவோரும் உளர். அவ்வாறு செய்வதற்கு முன் கீழ்க்கண்டவற்றை அறிந்துகொள்ள வேண்டும்.

சவூதி தொழிலாளர் சட்டத்தின் 40ஆம் பிரிவு, தொழிலாளியின் உடலைத் தயார் செய்து, ஒப்பந்தம் ஏற்பட்ட இடத்திற்கோ அவர் ஆளெடுக்கப்பட்ட இடத்திற்கோ அனுப்பும் செலவை வேலை கொடுத்தவர் மீதே சுமத்துகிறது. சமூகக் காப்பீட்டு நிறுவனம் அச்செலவை ஏற்றால் மட்டுமே அவருக்கு விலக்கு. ஆகவே முதற்கண் கேட்க வேண்டியவர் அவரே.

அவர் மறுத்தாலும், இயலாதவராயினும், அல்லது இறந்தவர் முன்னமே அவரிடமிருந்து விலகிச் சென்று வேறிடத்தில் வேலை செய்தவராயினும், தூதரகத்தில் இந்தியச் சமுதாய நல நிதி என்று ஒன்று உண்டு. இது 2009இல் தோற்றுவிக்கப்பட்டது. 2017இல் இதன் விதிகள் திருத்தி விரிவாக்கப்பட்டன. தூதரகப் பணிகளுக்குப் பெறும் சிறு கட்டணங்களால் சேருவது இந்நிதி. ஏழைக் குடும்பங்களின் நிலையை ஆராய்ந்து, உடலை அனுப்பும் செலவை இதிலிருந்து ஏற்கலாம். தானாக வந்துவிடாது, எழுதிக் கேட்க வேண்டும்.

எழுதிக் கேட்பதற்கு வழிகள் பல. வெளியுறவு அமைச்சகம் 2015இல் தொடங்கிய மதத் என்னும் இணையத்தளத்தில் மனுவைப் பதியலாம். பதிந்தவுடன் ஓர் எண் கிடைக்கும். அவ்வெண்ணைக் கொண்டு மனு எவ்விடத்தில் நிற்கிறது என்பதை அறியலாம். மாவட்ட ஆட்சியரிடம் மனுக் கொடுத்தால் அது தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத்துறைக்குச் செல்லும். இரண்டையும் செய்யலாம்.

காப்பீட்டைப் பற்றியும் கூற வேண்டும். பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா முதலியவற்றுக்கு வேலைக்குச் செல்லுமுன் குடிபெயர்வோர் பாதுகாவலரிடம் அனுமதி பெறுதல் வேண்டும். அவ்வனுமதியோடு பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்னும் காப்பீடும் கட்டாயமாகும். 2017இல் திருத்தியமைக்கப்பட்ட திட்டப்படி, இரண்டாண்டுக்கு 275 ரூபாயும் மூன்றாண்டுக்கு 375 ரூபாயும், வரி நீங்கலாக, பிரிமியம். விபத்தில் இறந்தால் வாரிசுக்கு 10 லட்சம் ரூபாய். வேலை கொடுத்தவர் மாறினாலும் காப்பீடு மாறாது. ஆயின் நோயால் வந்த மரணத்திற்கு இத்தொகை இல்லை. சுற்றுலா விசாவில் சென்று வேலையில் சேர்ந்தவருக்கு அனுமதியும் இல்லை, இக்காப்பீடும் இல்லை. ஏசெண்டின் பேச்சைக் கேட்டு அவ்வாறு செல்ல முனையும் இளைஞர்களுக்கு வீட்டிலுள்ள பெரியோர்கள் இதனை எடுத்துச் சொல்ல வேண்டும்.

விமானக் கட்டணம் எடையைப் பொறுத்தது. பெட்டியோடு உடலைத் தராசில் வைத்து நிறுத்துக் கட்டணம் வாங்கும் வழக்கம் பல காலம் இருந்துவந்தது. அமீரகத்திலிருந்து உடல்களைக் கொணர்வதில் இவ்வழக்கத்தை எதிர்த்து அங்குள்ள இந்தியர்கள் குரல் எழுப்பினர். அதன் பயனாக, 2019 சனவரியில் ஏர் இந்தியா அங்கே நிலைக்கட்டணம் வகுத்தது. பெரியவர்களுக்கு 1,500 திர்ஹாம், பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு 750 திர்ஹாம் என்பது அப்போதைய கணக்கு. கூடிக் கேட்டால் கிடைக்கும் என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

விமான நிலையத்தில்

உடல் இந்நாட்டு மண்ணில் இறங்குவதற்கு விமான நிலையச் சுகாதார அதிகாரியின் இசைவு வேண்டும். இறப்புச் சான்றிதழ், பதப்படுத்திய சான்றிதழ், தூதரகத்தின் தடையில்லாச் சான்று, ரத்து செய்யப்பட்ட பாஸ்போர்ட்டின் நகல் ஆகிய நான்கையும் அவர் பார்வையிடுவார். 2023 ஆகஸ்டிலிருந்து இவற்றை ஈ-கேர் என்னும் இணையத்தளத்தில் முன்கூட்டியே அனுப்பி இசைவு பெறும் முறை வந்துள்ளது. விமானம் புறப்படுமுன் இவ்வேலை முடிந்ததா என்பதை அங்குள்ள நண்பர் விமான நிறுவனத்திடம் கேட்டு உறுதி செய்தல் வேண்டும்.

இசைவு இன்றேல் யாது நேரும் என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைக் கூறலாம். கொரோனாக் கட்டுப்பாடுகள் நிலவிய 2020 ஏப்ரலில், அபுதாபியிலிருந்து வந்த மூன்று உடல்கள் தில்லி விமான நிலையத்தில் இறக்கப்படாமல் அதே விமானத்தில் திருப்பி அனுப்பப்பட்டன. சில நாட்களில் அரசு நெறிமுறை வகுத்த பின்னரே அத்தடை நீங்கிற்று.

உடலைப் பெறச் செல்பவர் தம் அடையாள அட்டையையும், உறவை நிறுவும் சான்றையும், விமானச் சரக்குச் சீட்டின் எண்ணையும் கொண்டுசெல்ல வேண்டும். பெட்டியின் மேலுள்ள பெயரையும் பாஸ்போர்ட் எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே கையொப்பமிட வேண்டும். வீட்டில் காத்திருக்கும் தாயிடமும் மனைவியிடமும் ஒன்றை முன்னதாகவே மெல்லச் சொல்லி வைத்தல் நலம்: நாட்கள் பல கடந்த உடலில் முகம் மாறியிருக்கக்கூடும். நெடுநாள் பிணவறையில் இருந்தது எனில், பெட்டியைத் திறப்பது பற்றி மருத்துவரைக் கேட்டுக்கொண்டு முடிவு செய்க.

சங்கம் செய்யத்தக்கது

இவற்றுள் எதுவும் சங்கத்தின் துணைவிதிகளில் எழுதப்பட்ட கடமையன்று. எனினும், கணக்கெழுதத் தெரிந்தவர்களும், மேசையும், தொலைபேசியும் உள்ள இடம் பல ஊர்களில் சங்கக் கட்டடம் ஒன்றே. அங்கே செய்யத்தக்கவை சில உள.

முதலாவது, அயல்நாட்டிலுள்ள உறுப்பினர்கள், உறுப்பினர்களின் பிள்ளைகள் ஆகியோருக்கு ஒரு தனிப் பதிவேடு வைக்கலாம். பாஸ்போர்ட், விசா, வேலை ஒப்பந்தம், காப்பீட்டுப் பத்திரம், இக்காமா ஆகியவற்றின் நகல், வேலை கொடுத்தவரின் விலாசம், உடன் தங்கியுள்ள ஒருவரின் எண் ஆகியவை அதில் இருத்தல் வேண்டும். புறப்படும் நாளில் அரை மணி நேரம் செலவிட்டால் இது முடிந்துவிடும். இறப்புச் செய்தி வந்தபின் தேடினால், பாஸ்போர்ட் எண் ஒன்றை அறியவே மூன்று நாட்கள் கழியும்.

இரண்டாவது, உறுப்பினர் தம் பங்குத் தொகைக்கும் வைப்புத் தொகைக்கும் நியமனதாரரைக் குறித்துள்ளாரா என்பதைக் காரியதரிசி பார்க்க வேண்டும். மணமாகுமுன் தாயின் பெயரைக் குறித்தவர், மணமானபின் அதனை மாற்றாமலே விமானமேறிவிடுவதைப் பல பேரேடுகளில் காண்கிறோம்.

மூன்றாவது, சம்மதக் கடிதத்தின் மாதிரி ஒன்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிச் சங்கத்தில் வைத்திருக்கலாம். வெளியிலிருந்து எவர் எத்தாளை அனுப்பினாலும், அதனைத் தமிழில் வாசித்துக் காட்டாமல் கையொப்பமிட விடுவதில்லை என்று ஊரார் ஒரு கட்டுப்பாடு செய்துகொள்ளலாம். வெற்றுத் தாளில் ஒருபோதும் கையொப்பமிடலாகாது.

நான்காவது, பொது நல நிதி உள்ள சங்கங்கள், துணைவிதி இடம் கொடுக்குமாயின், நோட்டரி செலவுக்கும் விமான நிலையம் சென்று திரும்பும் வண்டிச் செலவுக்கும் ஒரு சிறு தொகையை ஒதுக்கி வைக்கலாம். தொகை சிறிதாயினும், அந்நேரத்தில் வட்டிக்காரரின் வாயிலில் நிற்காமல் காக்கும்.

அயல்நாட்டில் இறந்தவர் தம் உழைப்பின் ஊதியத்தை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தவர். அவர் கடைசியாக அனுப்ப வேண்டிய கணக்கு இன்னும் தீரவில்லை. உடலைப் பெறுவது அவருக்கு நாம் ஆற்றும் கடன். அக்கணக்கைத் தீர்த்துப் பெறுவது அவர் பிள்ளைகளுக்கு நாம் ஆற்றும் கடன். ஒன்றிற்காக மற்றொன்றை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தில் மேற்சொன்ன பதிவேட்டைத் தொடங்குவது பற்றி நிர்வாகிகள் ஆலோசிப்பார்களாக.